கண்ணாடிச் சுவரும் உப்புக்காற்றும்

சென்ற மாதம் ஒரு நாவலைப் பற்றிப் பேசுவதற்காக நண்பர்கள் சிலர் புதுச்சேரியில் கூடினோம். மாலையில் காரில் சென்னை திரும்புகையில், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியதும் பேச்சு நாவலை விட்டுக் கட்டடங்களுக்குத் தாவியது. சாலையோரத்தில் நின்ற ஒரு விளம்பரத் தட்டிதான் காரணம். கடலைப் பார்த்த சொகுசு அடுக்ககம் ஒன்றின் படம் அதில் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. ஒன்றின்மேல் ஒன்று சற்றே விலகி அடுக்கப்பட்ட தளங்கள். உச்சியில் நீச்சல் குளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்பவர்களுக்கு இத்தகைய படங்கள் புதியவை அல்ல.

எங்களில் ஒருவர் கட்டடக் கலையை ஆர்வத்துடன் பயில்பவர், நான் மதிக்கும் வாசகரும்கூட. அந்தப் படத்தைப் பார்த்துப் பரவசமாகிவிட்டார். ‘நம்மூரில் இப்போதுதான் தைரியமான வடிவங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன’ என்றார். உப்பளத்துக்குப் பக்கத்தில் இது எதற்கு என்று இன்னொருவர் முணுமுணுத்தபோது அவருக்குக் கோபம் வந்தது. ‘யார் வாங்குகிறார்கள், யாருடைய நிலம் என்பதெல்லாம் சமூகவியல். ஒரு கவிதையைக் கவிதையாகப் படி என்று சொல்கிற நீங்கள் கட்டடத்தைக் கட்டடமாகப் பார்க்க மாட்டீர்களா? உங்களுக்கெல்லாம் ஓட்டு வீடும் திண்ணையும்தான் அழகு. அது அழகியல் அல்ல, ஊர் ஏக்கம்’ என்றார்.

காரில் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய விதியை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். கட்டடத்தைக் கட்டடமாகவே பார்ப்போம். அப்படிப் பார்த்தால்தான் அவர் புகழும் கட்டடவகை தோற்கிறது என்பது என் கட்சி.

*

செல்வந்தர்களுக்காகக் கட்டப்பட்டது என்பதால் ஒரு கட்டடம் மோசமானதாகிவிடாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒப்பற்ற சாட்சி இருக்கிறது. மும்பை கம்பாலா ஹில்லில் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்த காஞ்சன்ஜங்கா அடுக்ககம். 1970இல் வடிவமைப்பு தொடங்கி 1983இல் கட்டி முடிக்கப்பட்டது. 28 மாடிகள், 32 வீடுகள். அத்தனையும் பெரும் பணக்காரர்களுக்கானவை. இடிந்த குடிசைகளும் ஒண்டுக் குடித்தனங்களும் நிறைந்த நகரத்தில் இப்படி ஒன்று தேவையா என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பியபடியே அதைச் சிறந்த கட்டடம் என்றும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏன் சிறந்தது? மும்பையில் கடல் மேற்கே இருக்கிறது. கடற்காற்றும் நல்ல காட்சியும் மேற்கிலிருந்து வருகின்றன. ஆனால் பிற்பகலின் கடும் வெயிலும் பருவமழையின் சாரலும் அதே திசையிலிருந்துதான் வருகின்றன. வேண்டியதும் வேண்டாததும் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன என்பதுதான் கட்டடக் கலைஞர் முன்னிருந்த சிக்கல். பழைய பங்களாக்கள் வீட்டைச் சுற்றித் தாழ்வாரம் ஒன்றை ஓட்டி இதைச் சமாளித்தன. கொரியா அந்தத் தாழ்வாரத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு தள உயரமுள்ள தோட்ட மாடமாக மாற்றி, கட்டடத்தின் மூலைகளில் வெட்டி வைத்தார். அறைகள் அதற்குப் பின்னால் ஒதுங்கி நிழலில் இருக்கின்றன. வீடுகள் கிழக்கிலிருந்து மேற்காக ஊடுருவிச் செல்வதால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் சதுரமான ஒரு கோபுரம். அதன் மூலைகளில் பெரிய வெட்டுகள். பார்த்ததும் மனத்தில் பதியும் வடிவம்தான். நண்பர் கேட்கும் தைரியம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த வெட்டுகள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. வெயிலோடும் மழையோடும் காற்றோடும் நடத்திய பேச்சுவார்த்தையின் முடிவு அவை. வடிவமும் உள்ளடக்கமும் பிரிக்க முடியாதவை என்று நாம் இலக்கியக் கூட்டங்களில் ஓயாமல் சொல்வோமே, அதன் கண்கூடான உதாரணம் இது.

விளம்பரத் தட்டியில் விலகி அடுக்கிய தளங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளங்கள் எதற்காக விலகுகின்றன? எந்த வெயிலை மறைக்கின்றன? எந்த மழையை ஒதுக்குகின்றன? கடலைப் பார்த்த கண்ணாடி எந்த நிழலிலும் இல்லை. காரில் செல்பவன் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அந்த விலகலுக்குப் படத்தில் வேறு காரணம் தென்படவில்லை. இதைத்தான் நாம் கவிதையில் ‘வெற்று உத்தி’ என்று நிராகரிக்கிறோம்.

*

காஞ்சன்ஜங்கா அரபிக்கடலோரத்தது, அது வேறு கரை என்று நண்பர் சொல்லக்கூடும். சரி. அன்று நாங்கள் நாவலைப் பற்றிப் பேசிய அதே புதுச்சேரியில், மரக்காணத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில், கோல்கொண்ட் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட விடுதி. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. செக் நாட்டில் பிறந்தவர், டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலுக்காக ஃப்ராங்க் லாயிட் ரைட்டுடன் ஜப்பானுக்குச் சென்று அங்கேயே தொழில் செய்தவர். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த ஜார்ஜ் நகாஷிமாவும், லெ கார்பூசியேவிடம் பணியாற்றியிருந்த ஃப்ரான்டிசெக் சாமரும் இங்கே தங்கி வேலையை நடத்தினார்கள். 1937இல் தொடங்கிய கட்டுமானம் போர்க்கால நெருக்கடிகளுக்கு இடையே 1940களில் முடிந்தது. ஆசிரமவாசிகளே பெருமளவு உடலுழைப்பைத் தந்தார்கள். ஹைதராபாத் அரசிலிருந்து வந்த நன்கொடையின் நினைவாகத்தான் கோல்கொண்ட் என்ற பெயர்.

இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது. ஓட்டுக் கூரையோ திண்ணையோ அங்கே கிடையாது. ஊர் ஏக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. நீளமான இரு முகங்களும் வடக்கையும் தெற்கையும் நோக்கியவை. இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். நம்முடைய இந்தக் கரை ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. உச்சி வெயில் தலைக்குமேல் நிற்பதால் தெற்கு, வடக்குச் சுவர்களை ஒரு சிறு நிழற்பலகை காப்பாற்றிவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாகச் சாய்ந்து நேராக உள்ளே நுழையும். எந்தச் சன்ஷேடும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே கோல்கொண்ட் தன் குறுகிய பக்கங்களை மட்டும் கிழக்குக்கும் மேற்குக்கும் கொடுத்தது.

அந்த நீண்ட முகங்களில் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதிலாகக் கிடைமட்டமான பலகைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. வேண்டியபோது திறக்கலாம், வேண்டியபோது மூடலாம், வேண்டிய அளவு சாய்க்கலாம். வடபுறம் ஒரே நடை. அதை ஒட்டித் தென்புறம் அறைகள். அறைக்கும் நடைக்கும் இடையே காற்றுப் புகும் தேக்குத் தள்ளுகதவுகள். கான்கிரீட் கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுவதால் சூடு இறங்குவதில்லை. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டால் ஆனவை. இன்றைய அறிவில் அந்தப் பொருளை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அந்த யோசனை பழசாகவில்லை. கட்டடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எந்த அலங்காரமும் இல்லாத அந்தக் கட்டடத்தின் தெற்கு முகத்தைத் தெருவிலிருந்து பார்த்தால் சில பலகைகள் திறந்தும் சில மூடியும் இருக்கும். உள்ளே வாழ்பவர்களின் நாள் வெளியே எழுதப்படுகிறது. எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் இதைவிட அழகான நவீனக் கட்டடம் இல்லை.

*

கண்ணாடிதான் நவீனம் என்பது நண்பரின் இன்னொரு வாதம். நவீனத்தின் வரலாற்றை அவர் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். பாரிஸில் சால்வேஷன் ஆர்மிக்காக லெ கார்பூசியே கட்டிய தங்குமிடம் 1933இல் திறக்கப்பட்டது. தெற்கு நோக்கிய முகம் முழுவதும் திறக்க முடியாத ஒரே கண்ணாடிச் சுவர். இரட்டைக் கண்ணாடியும் இயந்திரக் குளிர்ச்சியும் சேர்ந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் என்பது திட்டம். செலவு கருதி இரண்டும் கைவிடப்பட்டன. கண்ணாடி மட்டும் மிஞ்சியது. கோடையில் உள்ளே இருந்தவர்கள் வெந்தார்கள். திறக்கும் சன்னல்களை வைக்க வேண்டியதாயிற்று. போருக்குப் பிறகு முகப்பின் முன்னால் வெயில்தடுப்புகள் சேர்க்கப்பட்டன. பாரிஸின் வெயிலுக்கே இந்தக் கதி.

லெ கார்பூசியே பாடம் கற்றுக்கொண்டார். 1950களில் சண்டிகரில் அவர் கட்டியவற்றில் முகப்பையே ஆழமான நிழற்கூடுகளாக மாற்றிவிட்டார். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நவீனத்துவத்தின் பிதாமகர்களில் ஒருவரே கைவிட்ட பிழையை இன்று நாம் ‘தைரியம்’ என்று கொண்டாடுகிறோம். புறப்பட்ட ஊரிலேயே காலாவதியான ஒரு பாணி இங்கே வந்து இறங்கும்போது அதைப் புதுமை என்று நம்புவது தமிழ்ச் சூழலுக்குப் பழக்கமானதுதான். இலக்கியத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இன்றைய கண்ணாடியில் வெப்பத்தைத் திருப்பும் பூச்சு இருக்கிறது, ஏசி இருக்கிறது என்று பதில் வரும். பூச்சு வெப்பத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. ‘கடல் காட்சி’ என்று விற்கப்படும் கண்ணாடி விடிந்ததிலிருந்து தாழ்ந்த வெயிலை நேராக வாங்குகிறது. வாங்கியவர் முதலில் செய்யும் வேலை கனத்த திரைச்சீலை மாட்டுவதுதான். காட்சிக்காகக் காசு கொடுத்து, அதைத் துணியால் மூடி, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்வது. கோடையில் பகல் ஏறியதும் கடலிலிருந்து காற்று வரும். கொண்டல் என்று பெயர்வைத்து நம் முன்னோர் அறிந்திருந்த திசைக்காற்று. அது வரும் நேரத்தில் கண்ணாடி மூடியிருக்கிறது. நடுவே இருட்டு நடையும் அதன் இருபுறமும் வீடுகளும் என்ற அமைப்பில் கடலைப் பாராத பாதி வீடுகளுக்கு அந்தக் காற்று எட்டவே எட்டாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் எட்டாவது மாடியின் அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முதியவரை இருத்திவிட்டு அதன் அழகியலைப் பேசிப் பார்க்கலாம்.

*

இனி உப்பு. மரக்காணத்துக் காற்றை நாக்கில் வைத்தால் கரிக்கும். இந்தக் காற்று கான்கிரீட்டை என்ன செய்கிறது என்பது ரகசியம் அல்ல. காற்றிலும் நீரிலும் உள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே இறங்கும். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் மெல்லிய படலத்தை அது உடைக்கும். துருவான இரும்பு பல மடங்கு பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பால்கனியின் அடிப்பகுதி பொரிந்து கம்பி தெரியும் வீடுகளைக் கடற்கரை ஊர்களில் பார்க்காதவர் இருக்க முடியாது.

இதற்கு நம் நாட்டின் ஐஎஸ் 456 தரநிர்ணயம் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கணக்குச் சொல்லியிருக்கிறது. சாதகமான சூழலில் கம்பிக்குமேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும். கடற்கரைக் காற்றுக்கு 45, அலைத்துளி படும் இடத்துக்கு 50. கான்கிரீட்டின் தரமும் அதற்கேற்ப உயர வேண்டும். அதாவது கடற்கரையில் மெலிந்த பலகைகள், கத்திபோல் நீளும் பால்கனிகள், இடுக்குகள் நிறைந்த உலோகச் சட்டங்கள் ஆகியவை பொருளின் இயல்புக்கு எதிரானவை. அவற்றைச் செய்யவே முடியாது என்பதல்ல. செய்தால் அதற்குரிய செலவையும் ஆயுள் முழுக்கப் பராமரிப்பையும் கொடுக்க வேண்டும். விளம்பரப் படத்தின் மெலிவு முதல் நாளுக்கானது. பத்தாவது ஆண்டின் படத்தை யாரும் தட்டியில் போடுவதில்லை. ஒரு நாவலை முதல் பதிப்பின் அட்டையை வைத்தா மதிப்பிடுகிறோம்? காலத்தில் அது என்னவாகிறது என்பதைக் கொண்டுதானே? கட்டடத்துக்கும் அதே அளவுகோல்தான் நியாயம்.

மரக்காணத்துக்குச் சற்று வடக்கே ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும். 1760இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தார்கள். எஞ்சிய சுவர்கள் இன்றும் கடற்காற்றில் நிற்கின்றன. எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கரை எதை விட்டுவைக்கும், எதைத் தின்னும் என்பதற்கான பாடம் கண்முன்னே கிடக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

*

கடைசியாக, நண்பர் ‘சமூகவியல்’ என்று ஒதுக்கிய விஷயம். நிலம். கட்டடக் கலையில் நிலம் என்பது கவிதையில் மொழியைப் போன்றது. மொழியை ஒதுக்கிவிட்டுக் கவிதையைப் பேச முடியுமா?

சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடியும் இடமும் இதுவே. பக்கத்தில் கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த உவர்நீர் ஈரநிலம். மழைக்காலத்தில் உள்நாட்டு ஏரிகளின் நீர் இங்கே வந்து சேர்ந்து கடலுக்கு வழி தேடுகிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பகுதியில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. தாழ்ந்த அந்த நிலம் நீரைத் தாங்கி வைத்து மெல்ல விடுவிக்கும் நிலம். அதை நிரவி மேடாக்கினால் அந்த நீர் வேறு யாருடைய வீட்டுக்கோ போகும். கட்டடத்தின் தரத்தைப் பேசுகையில் அது தள்ளிவிடும் நீரைப் பேசக் கூடாதா?

கேரளத்தில் இதைப் பேசாமல் இருந்ததன் விலை தெரிந்தது. கொச்சி மரடுவில் காயலோரத்தில் நான்கு சொகுசுக் குடியிருப்பு வளாகங்கள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டிருந்தன. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர்கள் தெருவில் நின்றார்கள். விளம்பரத்தில் அவையும் அழகாகத்தான் இருந்திருக்கும். நிற்கக் கூடாத இடத்தில் நின்றதுதான் அவற்றின் முதல் கட்டடக் கலைப் பிழை. சட்டப் பிழை அதற்குப் பிறகுதான்.

உப்பளத்தையே ஒரு கட்டுமானமாகப் பார்க்க நண்பரை அழைக்கிறேன். உவர்நீரை ஒரு தேக்கத்தில் வாங்கி, வாட்டம் பார்த்து அடுத்தடுத்த பாத்திகளுக்குக் கடத்தி, வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க அடர்த்தியை ஏற்றி, ஏறத்தாழ 25 பாகையில் உப்பை விளைய வைக்கிறார்கள். விரல்கடை உயர வரப்பு மாறினாலும் கணக்குப் பிசகும். சூரியனையும் காற்றையும் நிலத்தின் சரிவையும் இவ்வளவு நுட்பமாகப் படித்த வடிவமைப்பு அந்தச் சாலையில் வேறெதுவும் இல்லை. இதில் எந்தக் கற்பனாவாதமும் எனக்குக் கிடையாது. உப்பள வேலை பாதத்தையும் கண்ணையும் தின்னும் வேலை. தூத்துக்குடி அளங்களுக்குச் சென்று ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ படித்தவர்களுக்கு அது தெரியும். அந்த வேலையைப் புனிதப்படுத்த வேண்டாம். அந்த அறிவை மதித்தால் போதும். அதே வெயிலையும் காற்றையும் எதிரியாக மட்டும் பார்த்துக் கண்ணாடியை மூடிக்கொள்ளும் கட்டடம், தன் பக்கத்து வயலில் இருப்பவனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாத கட்டடம்.

ஆகவே, நண்பரே, இந்தக் கரையில் பணக்காரர்கள் வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உயரமாகக் கட்டக் கூடாது, கான்கிரீட்டில் கட்டக் கூடாது என்றும் சொல்லவில்லை. நீங்கள் அடுத்த முறை ஒரு கடலோர அடுக்ககத்தைப் புகழும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள் என்கிறேன். காலை வெயிலை எப்படித் தடுக்கிறது? கடற்காற்று கடைசி வீடுவரை போகிறதா? இருபது ஆண்டு உப்புக்காற்றில் அதன் கம்பி என்னவாகும்? அது நிற்கும் இடத்தில் முன்பு நின்ற நீர் எங்கே போகும்? நான்கும் கட்டடக் கலையின் கேள்விகள், கொரியாவும் ரேமண்டும் தங்களிடமே கேட்டுக்கொண்டவற்றின் தொடர்ச்சி.

இவற்றுக்குப் பதில் இருக்கும் ஒரு கட்டடத்தைக் காட்டினால், அது எத்தனை கோடி விலையானாலும், உங்களுடன் வந்து நின்று பாராட்டுகிறேன். பதில் இல்லாதவரை அந்தத் தட்டியில் இருப்பது வெறும் படம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே புதுச்சேரிக்கு வாருங்கள். கோல்கொண்ட் இருக்கும் தெருவில் இருவரும் நடந்துவிட்டு வரலாம்.